இல்லாத அல்சருக்கு எட்டு மாதப் பத்தியம்

1

நாளைக்கு அம்மாவுக்குத் தலைத் திவசம். ஊரில் இந்நேரம் அண்ணன் வாழை இலைக்குச் சொல்லியிருப்பான். நான் இங்கே, அயர்லாந்தின் மேற்கு ஓரத்துச் சின்ன ஊரில், வழக்கம்போல ஏழரை மணிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போனேன். பனிமூட்டத்தில் வயல்கள் தெரிந்தும் தெரியாமலும் நகர்ந்தன. எல்லாம் மாடு மேயும் புல்வயல்தான், நெல் கிடையாது. ஆனாலும் மழைத் தண்ணீர் தேங்கிய மூலைகளில், கண் பாதி செருகியிருக்கும்போது, யாரோ வரிசையாகக் குனிந்து நடுகிற மாதிரி இருக்கும். பதினோரு வருடமாக இப்படித்தான் இருக்கிறது. கண்ணாடி வாங்கிப் போட்டுப் பார்த்தேன், அப்படியும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை என்றால் எனக்கு வகுப்பு. குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றில் நான் நர்ஸ். அங்கே பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று பாடம் நடத்துகிறேன். எதிரெதிரே இரண்டு நாற்காலி, நடுவில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. முதலில் அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேள். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று கேள். பிறகு நேராகச் சொல். சொன்னபின் வாயை மூடு. இந்தக் கடைசிப் பாடம்தான் எனக்கு வருவதற்கு நாலு வருடம் ஆனது. எங்கள் தஞ்சாவூர் ஜில்லாக்காரியை வாயை மூடச் சொன்னால் அவள் எங்கே போவாள்?

இன்றைக்கு ஈஃபா என்கிற பெண், இருபது வயதுகூட இருக்காது, கையைத் தூக்கினாள். "நீங்கள் எந்த நோயாளியிடமாவது பொய் சொன்னதுண்டா?" என்றாள்.

"ஒரே ஒரு ஆளிடம். என் அம்மாவிடம்," என்றேன்.

அறையில் ஆறு பேரும் சத்தமில்லாமல் என்னையே பார்த்தார்கள். நான் கற்றுக்கொடுத்த மௌனத்தை என்மேலேயே திருப்பிவிட்டார்கள், சனியன்கள். வேறு வழியில்லாமல் சொன்னேன். ஆங்கிலத்தில் பாதிதான் வந்தது. மீதியையும் சேர்த்து உங்களுக்கு எழுதுகிறேன்.

2

என் வேலை என்னவென்று எங்கள் வீட்டைத் தவிர ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "எம்மவ வெளிநாட்டுல வயசானவங்களைப் பார்த்துக்கிற ஆஸ்பத்திரியில இருக்கா" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள். சாகப்போகிறவர்களுக்கான ஆஸ்பத்திரி என்று சொன்னால் தெருவில் பேச்சு நின்றுபோகும் என்று அவளுக்குத் தெரியும்.

வந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். ஒவ்வொரு கட்டிலாகப் போய், "சாப்பிட்டீங்களா?" என்று ஆங்கிலத்தில் விசாரிப்பேன். நம் ஊரில் அதுதானே வணக்கம்? வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று தலைமாட்டில் எழுதி வைத்திருந்த ஒரு பெரியவரிடமும் தினம் கேட்டிருக்கிறேன். கூட வேலை பார்த்தவள் புகார் கொடுத்து, விளக்கக் கடிதம், மொழிப் பயிற்சி என்று இரண்டு மாதம் அலைந்தேன். அந்தப் பெரியவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த வார்டில் என்னை இன்னும் சாப்பிடுகிற மனிதனாக நினைப்பவள் நீ ஒருத்திதான்."

அவர் சொன்னதை அப்போதே நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

3

போன வருடத்துக்கு முந்திய மார்கழியில் அம்மாவுக்கு வயிற்று வலி. பித்தப்பையில் புற்று, கல்லீரல்வரை போய்விட்டது என்று தஞ்சாவூரில் சொன்னார்கள். டாக்டர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் அப்பாவிடம் சொன்னான். அப்பா என்னிடம் சொல்லச் சொன்னார். யாருக்கு நோயோ அவளைத் தவிர எல்லாருக்கும் தெரிந்தது.

"அம்மாகிட்ட அல்சர்னு சொல்லியிருக்கோம் அரசி," என்றான் அண்ணன் இளங்கோ, போனில். "நீ பாட்டுக்கு வெளிநாட்டு நியாயம் பேசி உளறித் தொலைக்காத. அவ தாங்கமாட்டா."

"சரிண்ணே," என்றேன்.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. முந்தின நாள்தான் வகுப்பில், நோயாளியின் உடம்பைப் பற்றிய உண்மை நோயாளியின் சொத்து, குடும்பத்தின் சொத்து இல்லை என்று மேசையைத் தட்டிப் பேசியிருந்தேன். என் அம்மா என்று வந்ததும் அந்தச் சட்டமெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குப் போட்டது மாதிரி தோன்றிவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

அண்ணன் பொய்யை அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. ஃபைல் மேல் அச்சடித்திருந்த பிரிவின் பெயர் தெரியாமல் காலண்டர் தாளை ஒட்டினான். பெயர்ப் பலகை கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனான். அம்மா ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாள். கீமோவுக்குப் பெயர் 'பெரிய ஊசி'. அதற்குமேல் ஒன்று செய்தான் பாருங்கள். அல்சர் என்று சொல்லியாகிவிட்டதே, காரம் கொடுத்தால் சந்தேகம் வருமே என்று அம்மாவுக்கு மிளகாயும் புளியும் மீனும் நிறுத்திவிட்டான். மூன்று வேளையும் மோர் சோறு, இட்லி, அவித்த காய்.

"கரெக்ட்தானே அரசி? நர்ஸு நீ சொல்லு."

"கரெக்ட்தாண்ணே," என்றேன்.

இருபத்தைந்து வருடம் கூலிக்கு நடவு நட்டு, வாய்க்காலில் பிடித்த கெளுத்தியை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, முள்ளை ஒரு ஓரமாக ஒதுக்கிச் சாப்பிட்டுவிட்டுக் கையை முகர்ந்து பார்த்துக்கொள்கிறவள் அம்மா. அவளுக்கு மோர் சோறு. இல்லாத நோய்க்கு.

4

ஊருக்குப் போக விடுப்புக் கேட்டேன். குடும்பத் துயரங்களுக்கு என்று இங்கே தனி விடுப்பு உண்டு. கணினியில் படிவம். உறவு என்ற கட்டத்தில் 'தாய்' என்று தேர்ந்தெடுத்தேன். அடுத்தது 'இறந்த தேதி'. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்த பெண் ரொம்ப அன்பாக, "அப்படியானால் நீங்கள் பிறகு வந்து நிரப்புங்கள்," என்றாள். உயிரோடு இருக்கிறவளைப் பார்க்கப் போவதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. கடைசியில் ஆகஸ்டில், பள்ளி விடுமுறையோடு சேர்த்து, என் சொந்த விடுப்பைத்தான் எடுக்க முடிந்தது.

அதுவரை தினமும் பேருந்திலிருந்து அம்மாவோடு பேசுவேன். எனக்கு ஏழரை மணி என்றால் அவளுக்கு மதியம். வலி பத்துக்கு எத்தனை என்று நேராகக் கேட்க முடியாது. "கொடியில துணி காயப்போட்டியாம்மா?" என்பேன். கை எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அவள் தண்ணீர் வந்த கதை, ஷட்டர் திறந்த கதை எல்லாம் சொல்வாள். அப்பா வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் வேலையில் இருந்தவர். அவள் குரலில் தண்ணீர் ஓட, ஜன்னலுக்கு வெளியே பனி ஓட, நான் எந்த ஊரில் இறங்க வேண்டும் என்றே சில நாள் மறந்துபோகும். இரண்டு தடவை கடைசி நிறுத்தம் வரை போயிருக்கிறேன்.

பக்கத்தில் என் மகள் நிலா, ஒன்பது வயது. ஒருநாள் போனை வைத்ததும், "அம்மாச்சிக்கு அவங்க சாகப்போறது தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இங்கே குழந்தைகளைச் சாவு வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கேக் கொடுப்பார்கள். அவளுக்கு அது சாதாரணக் கேள்வி. தமிழில் அவளுக்குச் சாப்பாட்டுப் பெயர்கள் மட்டும்தான் மிச்சம். "ஊருக்குப் போய் இதைக் கேட்டுடாதே," என்று அதட்டினேன். பொய் சொல்ல என் பிள்ளைக்கும் பயிற்சி கொடுத்தாகிவிட்டது.

5

இனி, நாங்கள் செய்த பெரிய தப்பு. எங்களை மாதிரிக் குடும்பத்தில்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும்.

அப்பாவுக்கு இரண்டு பிறந்த தேதி. நிஜமாகப் பிறந்தது தை மாதம், பூசம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் ஒரு ஆகஸ்ட் தேதியை அவர் பாட்டுக்கு எழுதிவிட்டார். வேலை, ஓய்வு எல்லாம் அந்தத் தேதிப்படி. அறுபதாம் கல்யாணம் நட்சத்திரப்படி தையில் திருக்கடையூரில் செய்வதாக இருந்தது. ஆனால் தைவரை அம்மா இருப்பது சந்தேகம் என்று டாக்டர் அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

அண்ணன் யோசித்தான். "சர்டிபிகேட்படி ஆகஸ்ட்லயே அப்பாவுக்கு அறுபது. ரிடையர்மெண்டும் அப்பத்தான். நீயும் லீவுல வர்ற. அப்பவே வச்சிடுவோம்." அம்மாவிடமும் அதையே சொன்னான்: அரசிக்கு அப்போதுதான் லீவு. அம்மா, "அதுக்கென்ன, செய்யுங்க," என்றாளாம். நாங்கள் நிம்மதியாக மூச்சுவிட்டோம்.

ஆவணியில் ஒரு வேனில் போனோம். திருக்கடையூரில் அன்றைக்கு முகூர்த்தக் கூட்டம். பார்க்கிற பக்கமெல்லாம் வயதான மாப்பிள்ளைகளும் பெண்களும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓமப் புகையில் கண் எரிந்து, எந்த மேளம் யாருக்கு அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. நீண்ட பயணத்தின் தூக்கக் கலக்கம் எனக்கு. புகைக்குள்ளிருந்து அம்மா அரக்குக் கூறைப்புடவையில் தெரிவதும் மறைவதுமாக இருந்தாள். ரவிக்கை தொளதொளவென்று இருந்ததால் நான் உள்ளே நாலு ஊக்குப் போட்டிருந்தேன். அப்பா தாலி கட்டினார். சல்லடையைத் தலைக்கு மேல் பிடித்துக் கலசத் தண்ணீரை நாங்கள் ஆளுக்கு ஒரு குடமாக ஊற்றினோம். அம்மா முகத்தைத் துடைக்காமல் அப்படியே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் இன்னும் பேருந்து ஜன்னலில் பார்க்கிறேன்.

பிறகு சன்னதித் தெரு லாட்ஜ் அறையில் அவளுக்கு ஈரப்புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"ஏண்டி அரசி," என்றாள். "உங்கப்பாவுக்கு கவர்மெண்டுல ஆவணி, கடவுள்கிட்ட தை. எமனை எட்டி உதைச்ச கோயில்ல வந்து சர்டிபிகேட்டைக் காட்டுறீங்களே, அவன் சர்டிபிகேட் பார்த்தா வருவான்?"

ஊக்கு என் விரலில் குத்தியது.

"தையில செய்யவேண்டியதை ஆவணியில செஞ்சா, யாரோ தைக்கு இருக்கமாட்டாங்கன்னுதானே அர்த்தம்? உங்கப்பா கல்லு மாதிரி இருக்காரு. அப்ப நான்தானே?"

"அம்மா..."

"நீ அங்க பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறியாமே. அதை எனக்கு நடத்து."

கட்டில் உயரம். நான் தரையில் உட்கார்ந்தேன். காகிதக் கைக்குட்டை இல்லை, பிழிந்த புடவைதான் மடியில் இருந்தது. முதல் கேள்வியைக் கேட்டேன். "உனக்கு என்னம்மா தெரியும்?"

"கட்டின்னு தெரியும். உங்கண்ணன் ஃபைல் மேல காலண்டர் தாளை ஒட்டுனான் பாரு, அன்னைக்கே தெரியும். எந்த ஊருல அல்சர் ஃபைலுக்கு ரவிக்கை தச்சுப் போடுறாங்க?"

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. அடுத்த கேள்வி. "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்மா உனக்கு?"

"தைக்கு இருப்பேனா?"

"தை வரைக்கும் உடம்பு தாங்காதும்மா. நான் அப்படித்தான் நினைக்கிறேன்."

சொல்லிவிட்டு வாயை மூடினேன். வெளியே யாருக்கோ நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் தலையில் கையை வைத்தாள். அவள் அழவில்லை, கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு இறங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அடுத்த வாரம் பெரிய ஊசிக்கு நான் வரல," என்றாள். "அதைப் போட்டா பத்து நாள் நான் ஆளாவே இருக்கறதில்ல. இருக்கறதே கொஞ்சம், அதுல பத்து நாளை ஏன் தூக்கிக் கொடுக்கணும்? வலிக்கு மட்டும் ஏதாவது கொடுங்க."

"சரிம்மா."

"இன்னொண்ணு. இல்லாத அல்சருக்கு எட்டு மாசமா பத்தியம் இருக்கேண்டி. எனக்குக் கெளுத்திக் குழம்பு வேணும்."

"அண்ணன்கிட்ட சொல்லிடறேம்மா, உனக்கு எல்லாம் தெரியும்னு."

அவள் முகம் மாறியது. "சொல்லக் கூடாது. எவ்வளவு பாடுபட்டு மறைச்சிருக்கான். வீணாப் போச்சேன்னு ஒடிஞ்சுபோவான். உங்கப்பாவுக்கு நான் தெரியாத மாதிரி சிரிச்சாத்தான் சோறு இறங்குது. அவருக்கு நிஜமான அறுபது முடியட்டும். தைக்கு அப்புறம் சொல்லிக்க."

"அப்ப ஊசி வேணாம்னு எப்படிம்மா சொல்றது?"

"அவனே சொன்ன நோய்தானே? அல்சர் ஆறிப்போச்சுன்னு சொல்லு!"

இதைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. உண்மை அவளுடைய சொத்து என்றால், அதைப் பூட்டி வைக்கிற உரிமையும் அவளுடையதுதான். சாவி என் கையில் வந்துவிட்டது.

6

மறுநாள் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, நான் நர்ஸ் குரலில் அறிவித்தேன். "அம்மாவுக்கு அல்சர் ஆறிடுச்சு. இனிமே பெரிய ஊசி வேண்டாம். மீன், காரம் எல்லாம் கொடுக்கலாம்." அப்பா சோற்றைப் பிசைந்தபடியே என்னைப் பார்த்தார். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. அம்மா முன்னால் அவன் என்ன சொல்ல முடியும்? அல்சர் என்று சொன்னவனே அவன்தானே. "அப்பாடா, மாரியாத்தா கண்ணைத் தொறந்துட்டா," என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். என்ன நடிப்பு!

அண்ணன் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனான். "பத்து நாள் லீவுல வந்து அம்மாவைக் கொல்ல வந்தியா? வைத்தியத்தை நிறுத்துறதுக்கு நீ யாரு? அங்க சாகிறவங்களைப் பார்த்துப் பார்த்து உனக்கு மனசு மரத்துப்போச்சுடி."

அம்மா சொன்னாள் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சண்டை போட்டு, அழுது, தஞ்சாவூர் டாக்டரிடமும் நான் போய்ப் பேசி, கடைசியில் ஊசி நின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வாரம் ஒருமுறை ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்து வலி மாத்திரை கொடுத்தார். அல்சர் ஆறியதாக நான் அறிவித்த அன்றைக்குச் சாயங்காலமே அம்மா கெளுத்திக் குழம்பு சாப்பிட்டாள். நாலே வாய்தான். அதற்குமேல் முடியவில்லை. கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். நிலா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாச்சி சொல்லச் சொல்ல, ஒவ்வொரு முள்ளாக எண்ணினாள், தமிழில்.

புரட்டாசியில் சம்பா நடவு நடந்தபோது அம்மா வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நெருக்கமா நடுறீங்க, தள்ளி நடுங்கடி," என்று சத்தம் போட்டாளாம். அதைப் போனில் அவளே சொன்னாள். கார்த்திகையில் ஒரு விடியற்காலையில், அப்பா கையிலிருந்து பால் குடித்தபின், போய்விட்டாள். நான் படிவத்தில் அந்தத் தேதியை நிரப்பினேன். அடுத்த பக்கம் திறந்தது.

தை வந்தது, போனது. அப்பா நிஜமாகவே அறுபதைத் தாண்டினார். அம்மா கொடுத்த கெடு முடிந்தும் நான் அண்ணனிடம் சொல்லவில்லை. அந்தக் கொல்லைப்பக்கச் சண்டைக்குப் பிறகு அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. திதி, தேதி, அப்பாவின் மாத்திரை, அவ்வளவுதான். கொல்ல வந்தியா என்று கேட்டவனுக்கு நான் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும் என்று ரோஷம். பத்து மாதம் அந்த ரோஷத்தைப் பொத்திப் பொத்தி வளர்த்தேன். அம்மாவின் ரகசியத்தைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் கோபத்தைத்தான் காப்பாற்றியிருக்கிறேன். இன்றைக்கு ஈஃபா கேட்ட பிறகுதான் இது உறைத்தது.

7

வகுப்பு முடிந்து மதிய இடைவேளையில் அண்ணனே கூப்பிட்டான். அவனுக்கு ஆறரை மணி, பின்னால் யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம்.

"நாளைக்குப் படையல். நீ அங்க ஒரு விளக்கு ஏத்திடு," என்றான். வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "மீன் குழம்பு வைக்கலாமான்னு அப்பா கேக்குறாரு. கடைசியில அதைத்தானே விரும்பிச் சாப்பிட்டா."

நான் பயிற்சி அறையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. "அண்ணே," என்றேன். "அம்மாவைப் பத்தி உனக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?"

"என்னடி கேள்வி இது?"

"அவளுக்கு எல்லாம் தெரியும்ண்ணே. காலண்டர் தாள் ஒட்டுன அன்னைக்கே தெரியும். ஊசி வேணாம்னு சொன்னதும் அவதான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டா. தைக்கு அப்புறம் சொல்லச் சொன்னா. நான்தான் வீம்புல சொல்லல."

சொல்லிவிட்டு வாயை மூடினேன்.

அந்தப் பக்கம் தேங்காய்ச் சத்தம் நின்றது. ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கத்துவான் என்று காத்திருந்தேன். அவன் அதைக் கேட்கவே இல்லை.

"அப்ப அந்த எட்டு மாசம்..." என்றான். குரல் எங்கோ போய்த் திரும்பி வந்தது. "அல்சர் இல்லன்னு தெரிஞ்சேவாடி அந்த மோர் சோத்தைத் தின்னா? தினம் நான்தானே பிசைஞ்சு கொடுத்தேன். நல்லாயிருக்குப்பா, இன்னும் ரெண்டு வாய் கொடுன்னாளே..."

நாற்பத்திரண்டு வயது ஆள் போனில் அழுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

"நீ பிசைஞ்ச சோறுண்ணே," என்றேன். "அதனாலதான் தின்னா."

அவன் மூக்கை உறிஞ்சினான். நான் கண்ணைத் துடைத்தேன். இரண்டு ஊரிலும் மழை பெய்துகொண்டிருந்தது.

"படையலுக்கு வைக்கச் சொல்லுண்ணே. கெளுத்தியே வாங்கு. மாங்காய் போட்டு."

"ம்."

"காரத்தைக் குறைக்காத."